எருக்குழி தின்னும் சோறு

ஆடிப் பட்டத்துக்கு எரு அள்ள வேண்டும் என்று ஆனிக் கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்குழியைக் கிளறினோம். உதவிக்கு வந்த பக்கத்துத் தோட்டத்து அக்கா மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மேல் அடுக்கில் போன வாரம் கொட்டியவை அப்படியே கிடந்தன. பூசணம் பிடித்த சோற்றுக்கட்டி, நாலைந்து இட்லி, கட்டுகூடப் பிரிக்காத முருங்கைக்கீரை, பாதி அறுத்து மீதி காய்ந்த சுரைக்காய், சால்னா பொட்டலம்.

"இதென்ன தம்பி, எருக்குழியா சாப்பாட்டுக் கடையா?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "எல்லாம் எருவாத்தானக்கா ஆகுது. ஒண்ணும் வீணாப் போகல."

"பொங்கித் திங்க வேண்டியதப் பொங்கி மண்ணுக்குக் குடுக்குறதுக்கு, பொங்காமலே குடுத்திருக்கலாமே. வெறகாச்சும் மிஞ்சியிருக்கும்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பல வருடமாக வேதி உரம் இல்லாமல் விவசாயம் செய்கிறேன். கூட்டங்களில் நஞ்சில்லா உணவு பற்றிப் பேசுகிறேன். அந்த நஞ்சில்லா உணவு என் வீட்டிலேயே குழிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நகரத்தில் இருப்பவர்கள் குப்பைத் தொட்டியில் போடும்போது கொஞ்சமாவது மனசு உறுத்தும். இயற்கை உழவர்களாகிய நமக்கு அந்த உறுத்தலும் கிடையாது. குழி இருக்கிறது, மண்புழு இருக்கிறது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் பாய்கிறது என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் ஒன்றரை கிலோ நெல்லும், கிட்டத்தட்ட 3,800 லிட்டர் தண்ணீரும் நிற்கின்றன. நாற்றுவிட்டது, களையெடுத்தது, அறுத்தது, அவித்துக் காயவைத்தது எல்லாம் தனி. அந்த ஒரு கிலோ அரிசியைச் சோறாக்கிக் குழியில் கொட்டினால் மண்ணுக்குக் கிடைக்கும் தழைச்சத்து பத்துப் பன்னிரண்டு கிராம். வேலியோரக் கிளைரிசிடியாவில் இரண்டு கிலோ தழையை ஒடித்துப் போட்டாலே அது கிடைத்துவிடும். இதை எரு என்று சொல்லி மனசைச் சமாதானப்படுத்தலாம், கணக்கைச் சமாதானப்படுத்த முடியாது.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கை, 2022இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானதாகச் சொல்கிறது. அதில் அறுபது சதவீதம் ஓட்டலிலோ கடையிலோ வீணானது இல்லை, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளுக்கு அந்த அறிக்கை வைத்திருக்கும் மதிப்பீடு ஆளுக்கு வருடத்துக்கு 55 கிலோ. இதில் தோல், கொட்டை, எலும்பும் சேர்த்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும் நாலு பேர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 220 கிலோ. எழுபத்தைந்து கிலோ மூட்டையில் பிடித்தால் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

வாளி வைத்துப் பார்த்தோம்

அக்கா சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்ததால், அடுக்களையில் தனி வாளி ஒன்று வைத்தோம். தோலும் காம்பும் எப்போதும்போல் பழைய கூடைக்குப் போகும். சாப்பிட்டிருக்கக் கூடியது மட்டும் வாளிக்கு. ராத்திரி தூக்குத் தராசில் நிறுத்து, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுத வேண்டும். "வாளி வைக்கிறது சரி, யாரு நிறுக்கிறது?" என்று என் துணைவியார் கேட்டார். நிறுத்து எழுதுவது என் வேலை என்று முடிவானது. இப்போது யோசித்தால் நல்லதுதான். அதுவரை சமையலறையில் எது மிஞ்சுகிறது, ஏன் மிஞ்சுகிறது என்றே எனக்குத் தெரியாது.

முதல் வாரம் முடிந்தபோது காலண்டர் காட்டிய கதை நான் நினைத்த கதை இல்லை. தட்டில் மிச்சம் வைப்பதுதான் பெரிய குற்றம், அதற்குப் பிள்ளைகள்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். தட்டு மிச்சம் கொஞ்சம்தான். அதிகம் இருந்தது பானை மிச்சம், அதாவது ராத்திரிச் சோறு. அடுத்தது புளித்துப்போன இட்லி மாவு. மூன்றாவது, சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வந்து வாடவிட்ட காய், கீரை. நாலாவது, வெளியிலிருந்து வாங்கி வந்த பொட்டலச் சாப்பாடு. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்த டப்பாச் சோறும் இருந்தது. அதட்டாமல் கேட்டபோதுதான், சாப்பிட நேரம் பத்தவில்லை என்று சொன்னாள். டப்பாவைச் சின்னதாக மாற்றினோம், நாலு மணிக்கு வீட்டில் சாப்பிட ஏதாவது வைத்தோம். அந்தக் கணக்கு அதோடு தீர்ந்தது. மற்றவை அவ்வளவு சுலபமாக இல்லை.

ராத்திரிச் சோறு எங்கே போகும்?

அம்மா இன்றைக்கும் அரிசி அளக்கும்போது ஒரு உழக்கு கூடப் போடுவார். "வர்றவுகளுக்கு இருக்கட்டும்" என்பார். அதை வீண்செலவு என்று சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன். காலண்டரைப் பார்த்த பிறகு, தப்பு அந்த உழக்கில் இல்லை என்று புரிந்தது.

அம்மா சமைக்கப் பழகிய காலத்தில் ராத்திரி மிஞ்சும் சோறு மிச்சம் இல்லை. அதுதான் மறுநாள் காலைச் சாப்பாடு. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையது. வெங்காயமோ மோர்மிளகாயோ கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போவார்கள். நீராகாரம் தூக்குவாளியில் கூடவே போகும். வடிகஞ்சியும் அரிசி கழுவிய தண்ணீரும் மாட்டுத் தாழிக்குப் போகும். மாடு போட்ட சாணம் குழிக்கு. குழிக்கு வந்து சேரும்போது அந்த அரிசி மூன்று வயிற்றைத் தாண்டி வந்திருக்கும். ஒரு உழக்கு கூடப் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் அடுத்த வாய் காத்துக்கொண்டிருந்தது.

இட்லி, தோசை எங்கள் ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். பிறகு தினப்படி டிபனாக மாறியது. காலையில் டிபன் வந்ததும் பழையதுக்கு இடம் போயிற்று. ஆனால் ராத்திரி உழக்கு மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. வீட்டில் மாடும் இல்லாமல் போனால் அந்தச் சோற்றுக்குப் போக்கிடமே கிடையாது. குழி ஒன்றுதான். இதைச் சிக்கனம் இல்லாத குணம் என்று பேசிப் பயனில்லை. கண்ணி அறுந்திருக்கிறது. அறுந்த இடம் காலைச் சாப்பாடு.

ஆகவே வாரத்தில் நாலு நாள் காலையில் பழையது என்று முடிவெடுத்தோம். முதல் நாளே சறுக்கியது. குக்கரில் குழைந்த, பாலிஷ் போட்ட அரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் கஞ்சியாகவும் இல்லை, சோறாகவும் இல்லை. வாயில் வைக்க முடியவில்லை. பழையதுக்கு வடித்த சோறுதான் சரி. நாமே விளைவித்து, தவிடு முழுக்கப் போகாமல் அரைத்த புழுங்கலரிசி என்றால் பருக்கை பருக்கையாக நிற்கும். எங்கள் வீட்டில் மாப்பிள்ளைச் சம்பா மூட்டை மூட்டையாக இருக்க, கடையில் வாங்கிய வெள்ளை அரிசியைத்தான் தினமும் பொங்கிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைச் சம்பாவை விற்பதற்கு என்று வைத்திருந்தோம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை என்றும் எனக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மதியம் வடித்த சோற்றை ராத்திரி வரை திறந்துபோட்டுவிட்டு, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால் அது பழையது ஆகாது, ஊசிப்போன சோறுதான் ஆகும். சூடு ஆறியதும் மண்சட்டியில் போட்டு, சோறு மூழ்கி மேலே நாலு விரல் நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். காலையில் லேசான புளிப்பு வாசம் வர வேண்டும். பிசுபிசுத்து நூல் விட்டாலோ வேறு நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கோடையில் சீக்கிரம் புளிக்கும், விடிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். பழைய சோறு குடலுக்குச் செய்யும் நன்மையைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்களுக்கு அப்படி யாராவது சொன்னால்தான் தாத்தா சாப்பிட்டதைச் சாப்பிட மனசு வருகிறது, அதுவும் சரிதான்.

பழையதிலும் மிஞ்சினால் பங்குனி, சித்திரையில் வடகம். தண்ணீரைப் பிழிந்து, சீரகம், உப்பு, பச்சை மிளகாயோடு அரைத்து, வேட்டியில் கிள்ளி வைத்தால் இரண்டு மூன்று வெயிலில் காய்ந்துவிடும். மாவு புளித்தால் சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம். ரொம்பப் புளித்தால் அதோடு கேழ்வரகு மாவைக் கலந்து அடை மாதிரி ஊற்றலாம். மாவு அரைப்பதையே வாரத்துக்கு இரண்டு முறையாகப் பிரித்துக் குறைத்து அரைக்கிறோம். ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று ஒரு வாரத்துக்கு ஒரே மூச்சில் அரைத்ததுதான் மாவு வீணானதற்குக் காரணம்.

தோலைத் தூக்கி எறியப் பழக்கியது எது?

பீர்க்கங்காய்த் தோல் துவையல் எல்லாருக்கும் தெரியும். சுரைக்காய்த் தோலும் அதே போலத்தான், உளுந்தும் வரமிளகாயும் வறுத்துக் கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் ஆயிற்று. ஆனால் சுரைக்காயை வெட்டியதும் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயையே சாப்பிடக் கூடாது. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கிப் பயறு போட்டுப் பொரியல் செய்யலாம். முள்ளங்கிக் கீரை, காலிபிளவர்த் தண்டு, தர்பூசணியின் வெள்ளைச் சதையில் கூட்டு, பலாக்கொட்டை, பரங்கி விதை, ரசத்துக்குக் கொத்தமல்லித் தண்டு, இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம். அம்மாவுக்கு இவையெல்லாம் செய்யத் தெரியும். தெரிந்தும் இருபது வருடமாக ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

"மருந்து நாத்தம் அடிக்கிற காய்க்கு எவன்டா தோல்ல தொவையல் அரைப்பான்?" என்றார்.

இதை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. வெண்டையும் கத்தரியும் காலிபிளவரும் வாரம் தவறாமல் மருந்து குடிப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிப்பட்ட காயில் தோலைச் சீவி எறிவதுதான் புத்திசாலித்தனம். சோம்பலால் மட்டும் தோல் குப்பைக்குப் போகவில்லை, பயத்தாலும் போயிற்று. இப்போது வீட்டைச் சுற்றி மருந்தில்லாமல் காய் விளைகிறது. ஆனால் கத்தி பழைய பழக்கத்திலேயே தோலைச் சீவுகிறது. நுகர்வோருக்குக் காய் விற்கும் தோழர்கள் இதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது என் கருத்து. எங்கள் பீர்க்கங்காயைத் தோலோடு சாப்பிடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், வாங்குகிறவர்களுக்கு ஒரு காயில் இரண்டு பதார்த்தம். விலை கூட என்ற புகாரும் கொஞ்சம் அடங்கும்.

சந்தைக் காய்க்கு வருகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், தக்காளி விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே சென்னை ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பருக்குள் தரையில் கிடந்தது. மலிவாக இருக்கும்போது நாமும் ஒரு பெட்டி தூக்கிக்கொண்டு வருவோம், பாதி அழுகும். பெட்டி வாங்குவதில் தப்பில்லை, வாங்குகிற அன்றே வேலை பார்க்க வேண்டும். நன்கு பழுத்ததைத் தொக்காக வதக்குங்கள். கெட்டியானதை நாலாகக் கீறி, உப்புப் பிசிறி, ஒரு ராத்திரி வைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி வெயிலில் போடுங்கள். நாலைந்து வெயிலில் வற்றல். கத்தரி, கொத்தவரை, பாகல், மாங்காய் எதற்கும் இந்த வழி உண்டு. சுண்டைக்கும் மிளகாய்க்கும் மோர் வேண்டும். வெயில் நம் ஊரில் இலவசம், வருடத்தில் எட்டு மாதம் தாராளமாகக் கிடைக்கிறது.

வைக்கும் முறையிலும் சில இருக்கிறது. வாழைத்தாரையும் பழுத்த தக்காளியையும் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் மற்றதும் சீக்கிரம் பழுத்து மஞ்சளாகும். உருளையும் வெங்காயமும் ஒரே கூடையில் கிடக்கக் கூடாது. கீரையை ஈரத் துணியில் சுற்றி மண்பானையில் வைத்தால் மறுநாளும் வாடாது. அதைவிட நல்லது, தேவையான அன்றைக்கு ஒடிப்பது. வீட்டு வாசலில் முருங்கை நிற்க, சந்தையிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வந்து வாடவிட்டது எங்கள் வீடு. யார் வாங்கியது என்று கேட்காதீர்கள்.

யார் சமைப்பது?

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, 2022-23இல் கிராமத்து வீடுகள் பானம், நொறுக்குத் தீனி, பொட்டல உணவு, வெளியே வாங்கும் சாப்பாடு ஆகியவற்றுக்கு மொத்தச் செலவில் 9.62 சதவீதம் கொடுத்ததாகச் சொல்கிறது. தானியத்துக்குக் கொடுத்தது 4.91 சதவீதம். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் தானியக் கணக்கு குறைந்து தெரியும் என்பது உண்மை. அப்படியே வைத்துக்கொண்டாலும், தானியம் விளைவிக்கிற கிராமம் தானியத்துக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்கைப் பொட்டலத்துக்கும் டீக்கடைக்கும் கொடுக்கிறது. பொட்டலம் வாங்கும் அன்றைக்கு வீட்டுச் சோறும் மிஞ்சும், பொட்டலத்திலும் மிஞ்சும். எங்கள் காலண்டரில் அதிக எடை விழுந்த நாட்கள் எல்லாம் வெளியே வாங்கிய நாட்கள்தான்.

வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று இந்த இடத்தில் எழுதி முடித்திருப்பேன். என் துணைவியார் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "யாரு சமைக்கிறதுன்னு எழுதலியே" என்றார். நியாயம்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பால் கறந்து, களை எடுத்து, சாயங்காலம் வீடு திரும்பும் பெண்ணுக்கு, தோலை அரை, வற்றல் போடு, மிச்சத்தை மாற்றிச் சமை என்று கூடுதல் வேலை கொடுப்பதற்குப் பெயர் மரபுக்குத் திரும்புவது இல்லை. பொட்டலம் வந்ததே அவருக்கு ஒரு வேளை ஓய்வு வேண்டும் என்றுதான். பல இயற்கை வேளாண் கூட்டங்களில் ஆண்கள் மரபு உணவைப் பற்றி மேடையில் பேச, பெண்கள் பின்னால் அதைச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். நானும் பேசியவன்தான்.

இப்போது ராத்திரிச் சமையல் வாரத்தில் மூன்று நாள் என்னுடையது. வடிக்கப் பழகிவிட்டேன், குழம்பு இன்னும் கையில் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. சமைக்கிற அன்று அளவு தானாகவே கண்ணுக்குத் தெரிகிறது. மத்தியானக் குழம்பு எவ்வளவு இருக்கிறது, யார் ராத்திரி வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அரிசி அளக்கிறேன். இதை அவர் இத்தனை வருடமாகத் தனியாகச் செய்துகொண்டிருந்தார், நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஞ்சியதை எல்லாம் மாட்டுக்கு வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கழுநீரோடு ஒரு கைச் சோறு பரவாயில்லை. விசேஷ வீட்டு மிச்சத்தையோ புளித்த மாவையோ மொத்தமாக வைத்தால் மாட்டின் பெருவயிற்றில் அமிலம் ஏறி, தீனி எடுக்காமல் படுத்துவிடும், உயிரே போகலாம். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதேபோல எண்ணெயும் உப்பும் புளியும் உள்ள குழம்பு மண்புழுத் தொட்டிக்கு ஆகாது. புழு ஓரத்துக்கு ஒதுங்கும், எலியும் நாயும் வரும். தொட்டிக்குப் போக வேண்டியது தோல், காம்பு, சக்கை, முட்டை ஓடு. மீன் கழிவுக்கு நம்மிடம் வெல்லம் போட்டு மீன் அமிலமாக்கும் நல்ல வழி இருக்கவே இருக்கிறது.

வாளி வைத்து மூன்றாவது மாதம் நடக்கிறது. சோறு ஏறக்குறைய நின்றுவிட்டது, மாவு பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மகன் பழையதைத் தொட மாட்டேன் என்கிறான், அவனுக்கு மட்டும் தோசை ஊற்றுகிறோம். தோட்டத்து அக்கா போன வாரம் வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் எரு மாதிரி இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா மட்டும் நின்றபாடில்லை. தேதிக் கட்டத்தில் அன்றைக்கு எடை எழுதும்போது, சால்னாவையும் சேர்த்து நிறுக்கச் சொல்லி அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார்.